தீவுகளைச் சுற்றி ஒரு நாள் கயாக் பயணம்: புறப்படும் முன் அறிய வேண்டிய உடல்நலக் குறிப்புகள்

கயாக் என்பது இருமுனைத் துடுப்பால் செலுத்தப்படும் ஒடுங்கிய சிறு படகு. சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள புலாவ் உபின், அதன் அருகிலுள்ள புலாவ் கெத்தாம், தெற்கே செந்தோசாவுக்கு அப்பால் உள்ள சிறு தீவுகள் ஆகியவற்றைக் கயாக்கில் ஒரே நாளில் சென்று பார்த்துத் திரும்ப இயலும். இது தோள், முதுகு, வயிற்றுத் தசைகளுக்கும் இதயத்துக்கும் நல்ல பயிற்சி. மனத்துக்கும் இதமானது. ஆயினும் பூங்காவில் ஓடுவதற்கும் கடலில் துடுப்புப் போடுவதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஓடுகையில் களைத்தால் நின்றுவிடலாம். கடலில் நீங்கள் நின்றாலும் நீர் நிற்காது.

இப்பக்கம் படகு செலுத்தும் நுட்பத்தைக் கற்பிப்பதற்கு அன்று. அதனைத் தகுதி பெற்ற பயிற்றுநரிடம் கற்க வேண்டும். உடல்நலத்துக்குக் கேடு நேராத வகையில் அந்த ஒரு நாளை எவ்வாறு திட்டமிடுவது என்பதை மட்டும் இங்கு விளக்குகிறோம்.

திரும்பும் வழியிலிருந்து திட்டமிடுங்கள்

பெரும்பாலோர் எங்கே போகலாம் என்பதிலிருந்து திட்டமிடத் தொடங்குகின்றனர். எந்நேரத்தில், எந்த நிலையில் கரை திரும்புவோம் என்பதிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பானது. காலையில் உடலில் நீர் உண்டு, வலிமை உண்டு, உற்சாகம் உண்டு. நண்பகலுக்குப் பின் இவை மூன்றும் குறைந்திருக்கும். வெயிலும் காற்றும் மட்டும் கூடியிருக்கும். எனவே பயணத்தின் கடினமான பகுதி முற்பகலிலும் எளிதான பகுதி பிற்பகலிலும் அமையும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது ஓதம். கடல்மட்டம் ஏறுவதும் வற்றுவதும் ஓதம் எனப்படும். சிங்கப்பூரில் பொதுவாக ஒரு நாளில் இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர்மட்ட வேறுபாடு மிகும், நீரோட்டமும் வலுக்கும். ஜோகூர் நீரிணையின் கிழக்குப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே உட்லண்ட்ஸ் கடற்பாலம் நீர்வழியை அடைத்து நிற்கிறது. ஆகவே நீர் கிழக்கிலிருந்து உள்ளே வந்து, கிழக்கு நோக்கியே வெளியேற வேண்டும். உபின் தீவுக்குத் தெற்கே உள்ள கால்வாயில் நீர் ஏறும்போது ஓட்டம் மேற்கு நோக்கியும், வற்றும்போது கிழக்கு நோக்கியும் இருக்கும்.

சாங்கிக் கடற்கரையிலிருந்து கெத்தாம் தீவு வரை ஒரு வழித் தொலைவு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புதியவர் ஒருவர் அசைவற்ற நீரில் மணிக்கு 4 கிலோமீட்டர் செல்வார். அப்படியானால் அவருக்கு 75 நிமிடங்கள் ஆகும். மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் நீரோட்டம் பின்னால் இருந்து தள்ளினால் 50 நிமிடங்களில் போய்ச் சேர்ந்துவிடுவார். அதே நீரோட்டம் எதிர்த்து வந்தால் அதே தொலைவுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். போகும்போது 50 நிமிடங்களில் சென்றவர், நமக்கு நல்ல வேகம் என்று எண்ணி உச்சி வெயில் வரை தீவில் இருந்துவிட்டு, அதே ஓட்டத்தை எதிர்த்துத் திரும்ப நேர்வதே மிகவும் அஞ்சத்தக்க நிலை. அப்போது அவர் குடிக்கத் திட்டமிட்ட தண்ணீர் தீர்ந்திருக்கும்.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. உயர்ஓதம் முற்பகல் 11 மணியளவில் வரும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். காலை 8 மணிக்குப் புறப்பட்டால் ஏறும் நீர் உங்களை மேற்கே கொண்டுசெல்லும். கெத்தாமைச் சுற்றியுள்ள ஆழமற்ற சதுப்புநிலக் கால்வாய்களிலும் அப்போது போதிய நீர் இருக்கும். தாழ்ஓதத்தில் அங்கே சேறும் கூர்மையான சிப்பி ஓடுகளுமே மிஞ்சும். இறங்கிப் படகை இழுக்க முயல்வோரின் கால்கள் வெட்டுப்படுகின்றன. நிழலில் ஓய்வெடுத்து, நீர் வற்றத் தொடங்கியபின் 11.30 மணியளவில் திரும்பினால், அதே கடல் உங்களைக் கிழக்கே கொண்டுவந்து சேர்க்கும். ஓத அட்டவணை முன்கூட்டியே வெளியிடப்படுகிறது. அதைப் பார்த்து நாளைக் குறிப்பதே முறை. நாளைக் குறித்துவிட்டு அட்டவணையைப் பார்ப்பது முறையன்று.

திரும்பும் நேரம் என்று ஒன்றைக் கரையிலேயே முடிவு செய்யுங்கள். அந்நேரம் வந்தவுடன், எங்கிருந்தாலும், இலக்கு கண்ணுக்குத் தெரிந்தாலும், திரும்பிவிட வேண்டும். குழுவில் உள்ள யார் வேண்டுமானாலும் காரணம் கூறாமல் திரும்பலாம் என்று கேட்கலாம் என்பதையும் முன்பே ஒத்துக்கொள்ளுங்கள். களைப்பை ஒப்புக்கொள்ள வெட்கப்படுபவரே பெரும்பாலும் முதலில் சோர்ந்துவிழுபவர்.

எந்தத் தீவு, எவருக்கு?

உபின் ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கிழக்கு மேற்காக நீண்டது. தீவு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவருவது அனுபவமுள்ளோருக்கே உரிய முழுநாள் உழைப்பு. அதன் வடகரை மலேசியக் கடலெல்லையை ஒட்டியுள்ளது. அவ்வழியே செல்வோர் எல்லையைக் கடந்துவிடாமல் இருக்க வேண்டும். தென்கரையையும் கெத்தாமையும் ஒட்டிய அரைநாள் பயணம் பெரும்பாலோருக்குப் போதுமானது. சாங்கிக்கும் உபினுக்கும் இடையில் பயணிகள் படகுகள் இடைவிடாமல் செல்கின்றன. அவ்விடத்தைக் குழுவாகச் சேர்ந்து, குறுக்காக, குறுகிய வழியில், நில்லாமல் கடக்கவும். உயரமான படகை ஓட்டுபவரின் கண்ணுக்கு நீர்மட்டத்தில் அமர்ந்திருக்கும் நீங்கள் தெரிவதில்லை என்று கொள்வதே நல்லது. கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா ஈரநிலத்தைத் தொலைவிலிருந்து கண்டு மகிழுங்கள். அனுமதியின்றி அங்கு இறங்கக் கூடாது.

தெற்கே உள்ள செயின்ட் ஜான்ஸ், லாசரஸ், கூசு, சிஸ்டர்ஸ் தீவுகள் வேறு வகையானவை. அங்கு நீரோட்டம் வலியது. பெருங்கப்பல்களும் விரைவுப் படகுகளும் எழுப்பும் அலைகள் கரையில் மோதித் திரும்பிவந்து கயாக்கைக் கவிழ்க்க வல்லவை. அப்பகுதிக்கு வழிகாட்டியுடன் மட்டுமே செல்ல வேண்டும். (செயின்ட் ஜான்ஸ் தீவு ஒரு காலத்தில் நோய்த்தடுப்புத் தனிமை நிலையமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் கப்பலில் வந்தவர்கள், தமிழகத்துத் துறைமுகங்களிலிருந்து வந்த நம் முன்னோர் பலர் உட்பட, நகருக்குள் வருமுன் அங்கே தங்கவைக்கப்பட்டனர். இன்று அங்கு மருத்துவமனை எதுவும் இல்லை என்பதையும் சேர்த்து நினைவில் கொள்க.)

உபின் தீவிலும் மருத்துவமனை இல்லை. அங்கிருந்து ஒருவரைச் சாங்கி பொது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முதலில் கடலைக் கடந்தாக வேண்டும். நகரில் சில நிமிடங்களில் வரும் உதவி தீவில் அவ்வளவு விரைவில் வராது. கீழே கூறப்படும் முன்னெச்சரிக்கைகளுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

புறப்படும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டியவர்கள்

இதய நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு நோய், நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியவற்றில் ஏதேனும் இருப்பின், அல்லது நீங்கள் கருவுற்றிருப்பின், அல்லது அண்மையில் தோளிலோ முதுகிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டிருப்பின், முன்பதிவு செய்வதற்கு முன் உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடவும். இவற்றுள் பலவற்றுக்கு விடை “போகக் கூடாது” என்பதன்று. “இப்படிப் போகலாம்” என்பதே. வலிப்பு நோய் இதற்கு விலக்கு. நிலத்தில் சில நிமிடங்களில் நீங்கும் ஒரு வலிப்பு, நீரில் உயிரைப் பறிக்கக்கூடும். உங்கள் நரம்பியல் மருத்துவரின் தெளிவான ஒப்புதல் இல்லாமல் கயாக்கில் ஏற வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்கள் சற்று விரிவாக அறிந்துகொள்ள வேண்டும். பல மணி நேரம் துடுப்புப் போடுவது இரத்தச் சீனியைக் குறைக்கும். இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுப்போருக்கு இக்குறைவு பயணத்தின்போது மட்டுமன்றி, அன்றிரவு உறக்கத்திலும் நேரலாம். நடுக்கம், வியர்வை, எரிச்சல், குழப்பம் ஆகிய அறிகுறிகள் வெயில் களைப்பைப் போலவே தோன்றுவதால் உடன் இருப்பவர்கள் ஏமாந்துவிடுவர். எனவே உங்களுக்கு நீரிழிவு உண்டு என்பதைக் குழுவில் ஒருவரிடமாவது கூறிவிடுங்கள். மூன்று தேக்கரண்டிச் சீனி அல்லது அதற்கு இணையான குளுக்கோஸ் மாத்திரைகளை நனையாத பையில், படகின் அறைக்குள் அன்றி, உயிர்காப்பு அங்கியின் பையிலேயே வைத்திருங்கள். கைக்கு எட்டாத சீனியால் பயனில்லை. இன்சுலினை வெயிலில் காயும் படகின் அறையில் வைத்தால் அது வீரியம் இழக்கும். குளிர்காப்புப் பையில் வைக்கவும்.

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மருந்துகளும், சிறுநீரைப் பெருக்கும் இரத்த அழுத்த மருந்துகளும் உடலின் நீரை வெளியேற்றுபவை. வெயிலில் நீரிழப்பு விரைவில் ஏற்படும். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். அந்த ஒரு நாளைக்கு என்ன செய்வது என்று மருத்துவரையோ மருந்தாளரையோ கேளுங்கள். குமட்டலுக்கான மாத்திரைகள் சிலருக்கு உறக்கத்தை உண்டாக்கும். அவற்றை முதன்முறையாகக் கடலில் சோதித்துப் பார்க்காமல், வேறொரு நாளில் வீட்டில் சாப்பிட்டுப் பாருங்கள். டாக்ஸிசைக்ளின் எடுப்போரின் தோல் வெயிலில் எளிதில் பொசுங்கும்.

நோன்பு அல்லது விரதம் இருக்கும் நாளில் இப்பயணத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். நீர் அருந்தாமல் நடுப்பகலில் துடுப்புப் போடுவது எந்த வயதினருக்கும் ஏற்றதன்று. முன்னாள் இரவு மது அருந்தியிருந்தாலும், போதிய உறக்கம் இல்லாவிட்டாலும், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தாலும் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

வெப்பமும் தண்ணீரும்

கடற்காற்று வியர்வையை உலர்த்திவிடுவதால் எவ்வளவு நீரை இழக்கிறோம் என்பது கடலில் தெரிவதில்லை. தெறிக்கும் நீர் உடலைக் குளிர்விப்பது போன்ற உணர்வையும் தரும். ஆனால் சிங்கப்பூரின் ஈரப்பதத்தில், உயிர்காப்பு அங்கி மார்பை இறுக்கி மூடியிருக்க, உடலின் வெப்பம் வெளியேறுவது கடினம்.

வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, வெயில் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப உளைச்சல் அளவு 2023 ஜூலை முதல் பொதுமக்களுக்கு வெளியிடப்படுகிறது. அது 31 பாகைக்குக் கீழ் இருந்தால் குறைவு. 31 முதல் 33க்குள் மிதம். 33 அல்லது அதற்கு மேல் உயர்வு. உயர்வு என்று காட்டும் வேளையில் நீங்கள் நீரில் இருக்கக் கூடாது என்று திட்டமிடுங்கள். காலை 8 மணிப் புறப்பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம். வெளிப்புறக் கடும் உழைப்புக்குப் பழகாதவர்கள், முந்தைய இரண்டு வாரங்களில் சில நாள்கள் வெளியில் விரைநடையோ மெல்லோட்டமோ மேற்கொண்டு உடலைப் பழக்கிக்கொள்வது நன்று.

ஒருவருக்குக் குறைந்தது 3 லிட்டர் தண்ணீர் எடுத்துச்செல்லவும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், 15 அல்லது 20 நிமிடங்களுக்கு ஒருமுறை சில மிடறு அருந்தவும். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஒரு பகுதி உப்புநீர்க் கரைசலாக இருக்கட்டும். வெறும் தண்ணீரையே மிகுதியாக, மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டிக் குடிப்பதும் தீங்கானது. இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் உண்டாகும். உபின் கிராமத்துக் கடைகளில் இளநீர் கிடைக்கும். கரை சேர்ந்தபின் அருந்த மிக நன்று. ஆயினும் அதில் சோடியத்தைவிடப் பொட்டாசியமே மிகுதி. சிறுநீரக நோயுள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

ஒன்றை வெளிப்படையாகவே கூற வேண்டும். வழியில் கழிப்பறை இல்லை என்பதற்காகப் பலர், குறிப்பாகப் பெண்கள், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். இது ஆபத்தானது. கழிப்பறை உள்ள இடத்தில் ஓய்வு அமையும்படி வழியைத் திட்டமிடுவது குழுத்தலைவரின் பொறுப்பு. உபின் படகுத்துறைக்கு அருகே கழிப்பறை உண்டு. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் நீங்கள் போதிய நீர் அருந்தவில்லை என்று பொருள்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே உள்ளது. மேகமற்ற நண்பகலில் புறஊதாக் கதிர்க் குறியீடு 11ஐயும் தாண்டும். நீரில் பட்டுத் திரும்பும் ஒளி, தொப்பியின் நிழலையும் மீறி முகவாயிலும் மூக்கின் அடியிலும் படும். முழுக்கைச் சட்டை, கழுத்தை மறைக்கும் தொப்பி, குறைந்தது எஸ்பிஎஃப் 30 உள்ள நீர் தாங்கும் வெயில்காப்புக் களிம்பு ஆகியவை தேவை. களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசவும். கருநிறத் தோலுக்குக் களிம்பு தேவையில்லை என்பது தவறான எண்ணம்.

உடன் வருபவர் திடீரெனப் பேச்சுக் குழறினால், கேட்ட கேள்விக்குப் பொருத்தமின்றி விடை கூறினால், படகை நேராகச் செலுத்த முடியாமல் தடுமாறினால், அதை வெறும் களைப்பென்று எண்ண வேண்டாம். அது வெப்பத்தாக்காக இருக்கலாம். உடல் வெப்பநிலை 40 பாகையை எட்டியிருக்கலாம். இரு படகுகளை அவரது படகின் இருபுறமும் சேர்த்துப் பிடித்து அருகிலுள்ள நிழலான கரைக்குக் கொண்டுசெல்லுங்கள். 995ஐ அழையுங்கள். அங்கியைக் கழற்றி, உடல் முழுவதும் நீரை ஊற்றி, விடாமல் விசிறுங்கள். உதவி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. மயக்க நிலையில் உள்ளவருக்கு வாய்வழியே எதையும் கொடுக்க வேண்டாம். பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது.

காற்றும் இடியும்

ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடைப்பட்ட நேரத்தில், மேற்கிலிருந்து சுமத்ரா சூறைக்காற்று வீசக்கூடும். அமைதியாக இருந்த கடல் சில நிமிடங்களில் மாறிவிடும். காற்றின் வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை எட்டும். எந்தக் கயாக்கரும் இதை எதிர்த்துத் துடுப்புப் போட இயலாது. பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் நீடிக்கலாம். ஆண்டு முழுவதும் பாதுகாப்பான மாதம் என்று ஒன்று இல்லை. முந்தைய இரவும் புறப்படும் காலையும் சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் முன்னறிவிப்பையும் மின்னல் எச்சரிக்கையையும் பார்க்கவும்.

மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 விநாடிகளுக்குக் குறைவாக இருந்தால் மின்னல் உங்களை எட்டும் தொலைவில் உள்ளது. அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. கடலில் இருப்பவர்கள் முதல் இடியைக் கேட்டவுடன் அருகிலுள்ள கரைக்குச் செல்ல வேண்டும். சுற்றிலும் தட்டையாக விரிந்த நீரில் உயர்ந்து நிற்பது நீங்களும் உங்கள் துடுப்பும் மட்டுமே. கரையில் தனி மரத்தின் அடியில் நிற்காமல் கட்டடத்துக்குள் செல்லுங்கள். கடைசி இடி கேட்டபின் 30 நிமிடங்கள் கழிந்த பிறகே மீண்டும் நீரில் இறங்கலாம். மின்னல் தாக்கியவரைத் தொடுவதால் உங்களுக்கு மின்சாரம் பாயாது. அவருக்கு மூச்சு இல்லையெனில் உடனே இதய இயக்க மீட்பைத் தொடங்குங்கள்.

உடன் இருக்க வேண்டியவை, உடன் இருக்க வேண்டியவர்கள்

நீச்சல் தெரிந்தவருக்கும் உயிர்காப்பு அங்கி கட்டாயம். அதை மடியிலோ படகின் பின்புறத்திலோ வைத்திருப்பது அணியாமல் இருப்பதற்குச் சமம்; கவிழ்ந்தபின் நீரில் மிதந்தபடி அதை அணிவது மிகக் கடினம். எல்லா வார்களையும் இறுக்கியபின் ஒருவர் உங்கள் தோள்பட்டை வாரைப் பிடித்து மேலே தூக்கட்டும். அங்கி காது வரை எழும்பினால் அது உங்களுக்குப் பொருத்தமற்றது. சிறுவர்களுக்குக் கால்களுக்கு இடையே செல்லும் வாரும் உள்ள அங்கி வேண்டும்.

ஊதல் ஒன்றை அங்கியில் கட்டிக்கொள்ளுங்கள். கைபேசியை நீர்புகா உறையில் இட்டு, படகில் அன்றி, உடலில் வைத்துக்கொள்ளுங்கள். கவிழ்ந்த படகு உங்களை விட்டு விலகலாம். உபினின் வடபகுதியில் கைபேசி தானாகவே மலேசியத் தொலைபேசிக் கட்டமைப்புடன் இணைந்துவிடக்கூடும். அப்போது 995 என்று அழைத்தால் சிங்கப்பூரின் அவசரச் சேவைக்கு அழைப்பு செல்லும் என்று உறுதி கூற இயலாது. ஆகையால் புறப்படும் முன்பே கைபேசி அமைப்பில் சிங்கப்பூர்க் கட்டமைப்பை நீங்களே தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

தனியாகச் செல்ல வேண்டாம். இருவரைவிட மூவர் மேல். ஒருவர் காயமுற்றால் ஒருவர் அவருடன் இருக்க, மற்றவர் உதவி நாடலாம். கவிழ்ந்த படகிலிருந்து வெளியேறி மீண்டும் ஏறுவதை ஒவ்வொருவரும் கரையோரத்தில் பயிற்றுநர் முன்னிலையில் செய்து பழகியிருக்க வேண்டும். கடலில் கவிழ்ந்து மீண்டும் ஏற முடியாவிட்டால் படகைப் பிடித்துக்கொண்டு மிதந்திருங்கள். கரை அருகில் இருப்பது போலத் தோன்றினாலும் நீந்திச் செல்ல முயல வேண்டாம். நீரோட்டத்தில் களைத்துப்போகும் வாய்ப்பே மிகுதி. ஒரு தலையைவிட ஒரு படகு மீட்போரின் கண்ணுக்கு எளிதில் தெரியும்.

கரையில் ஒருவரிடம், அவர் பயணத்தில் வராத ஒருவராக, எழுத்தில் விட்டுச்செல்ல வேண்டியவை: குழுவினரின் பெயர்கள், படகுகளின் எண்ணிக்கையும் நிறமும், செல்லும் வழி, திரும்பும் நேரம், ஒவ்வொருவரின் நோய்களும் மருந்துகளும். “பிற்பகல் 2 மணிக்குள் நான் அழைக்காவிட்டால் என் கைபேசிக்கு அழை, 2.30க்குள் தொடர்பு கிடைக்காவிட்டால் 999ஐ அழைத்து இந்தத் தாளைப் படித்துக்காட்டு” என்று தெளிவாகக் கூறிவிடுங்கள். ‘மாலைக்குள் வந்துவிடுவோம்’ என்று மட்டும் சொல்லிச் சென்றால் வீட்டிலுள்ளவர் இருட்டும்வரை தயங்கிக்கொண்டிருப்பார். பாதுகாப்பாகத் திரும்பியதும் அவருக்கு அழைத்துக் கூற மறவாதீர்கள்.

கொட்டும் உயிரினங்களும் வெட்டுக்காயங்களும்

2020ஆம் ஆண்டில் செந்தோசாக் கடற்கரையில் பெட்டி சொறிமீன்கள் காணப்பட்டு மக்கள் எச்சரிக்கப்பட்டனர். அவற்றின் நஞ்சு இதயத்தையும் மூச்சையும் பாதிக்கலாம். ஒரு சிறு போத்தலில் வினிகர் எடுத்துச்செல்லுங்கள். கொட்டிய இடத்தைத் தேய்க்க வேண்டாம். நல்ல தண்ணீரால் கழுவ வேண்டாம். சிறுநீர் ஊற்றுவது பயனற்றது. வினிகரைக் குறைந்தது 30 விநாடிகள் ஊற்றி, ஒட்டியுள்ள இழைகளைக் குச்சியாலோ இடுக்கியாலோ அகற்றுங்கள். மூச்சுத்திணறல், மார்புவலி, கடும் முதுகுவலி, மயக்கம் இவற்றில் எது தோன்றினாலும் 995.

திருக்கை மீன், கல்மீன் ஆகியவற்றின் முள் குத்துக்கு வினிகர் உதவாது, வெந்நீர் உதவும். காயமற்றவர் தம் கையை விட்டுப் பார்த்துத் தாங்கக்கூடிய, 45 பாகையைத் தாண்டாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடங்கள் காயத்தை அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். ஆழப் பதிந்த முள்ளைப் பிடுங்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். கரையிறங்கும்போது தடித்த அடியுள்ள காலணி அணிந்து, காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிச் சென்றுவிடும்.

சிப்பியும் பாறை ஓடுகளும் வெட்டிய சிறு காயத்தை எளிதாகக் கருத வேண்டாம். உடனே குடிநீரால் நன்கு கழுவி மூடிவையுங்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வகை நுண்ணுயிர்கள், கல்லீரல் நோய், நீரிழிவு, நோய் எதிர்ப்புக் குறைவு உள்ளவர்களுக்குச் சில மணி நேரத்திலேயே கடுமையான தொற்றை உண்டாக்கக்கூடும். இவர்களுக்குத் திறந்த புண் இருந்தால் அது ஆறும்வரை பயணத்தைத் தள்ளிவைப்பதே நலம்.

கரை திரும்பிய பின்

நீரில் மூழ்கி மூச்சுவிடாத ஒருவரைக் கரையேற்றினால் 995ஐ அழைத்து இதய இயக்க மீட்பைத் தொடங்குங்கள். மூழ்கியவருக்கு முதற்குறை காற்றே ஆதலால், பயிற்சி பெற்றவர்கள் மூச்சூட்டலையும் சேர்த்துச் செய்ய வேண்டும். பயிற்சி இல்லாதவர்கள் மார்பை அழுத்தும் முறையைத் தொலைபேசியில் பேசுபவர் வழிகாட்டுவார். வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயன்று நேரத்தை இழக்க வேண்டாம். நீரை விழுங்கித் தத்தளித்துப் பின் தேறியவர்கள் நலமாகத் தோன்றினாலும், தொடர் இருமல், மூச்சு வாங்குதல், மிகுந்த சோர்வு இருந்தால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். இந்நிலை பல மணி நேரத்துக்குள் மோசமடையலாம்.

மறுநாள் தோளும் முதுகும் வலிப்பது இயல்பு. இரண்டு மூன்று நாள்களில் அது தணிந்துவிடும். மணிக்கட்டில் வீக்கமும் நெரிவது போன்ற உணர்வும் இருந்தால் துடுப்பை இறுகப் பற்றியதால் தசைநாண் அழற்சி ஏற்பட்டிருக்கலாம், ஓய்வு கொடுங்கள். கையை உயர்த்தவே முடியாத தோள்வலி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்கவும். தசைகள் கடுமையாக வீங்கி வலிப்பதுடன் சிறுநீர் தேநீர் நிறத்தில் கழிந்தால் காத்திருக்க வேண்டாம். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். வெட்டுக்காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், காயத்தின் அளவுக்கு மீறிய வலி இருந்தாலும், காய்ச்சல் கண்டாலும் அவ்வாறே. மருத்துவரிடம் “கடலில் வெட்டுப்பட்டது” என்று முதலிலேயே கூறுங்கள். எந்த நுண்ணுயிர்க்கொல்லியைத் தருவது என்பது அதைப் பொறுத்தது. கடைசி டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டுகள் ஆகிவிட்டனவா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.